வீச்சாளரின் இரண்டாவது பெயர்

கைபேசி ஐந்து நிமிடம் பன்னிரண்டு வினாடி காட்டியது. பேச்சை ஐந்துக்குள் முடிக்கவேண்டும்.

"இன்னொருக்கால் சொல்லட்டோ, அப்பா?"

ஆறு மணிக்கு மாலை நேர ஆங்கில வகுப்பில் பேச்சு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தவர் எட்வின் கார். நூறு வருடங்களுக்கு முந்திய அமெரிக்க பேஸ்பால் வீச்சாளர்.

அப்பா கிடங்கில் காலை வேலை முடித்து வந்து மேசையருகே இருந்தார். பக்கத்தில் என் சுவிஸ் குடியுரிமை விண்ணப்பம். வகுப்புக்குப் போகிற வழியில் தபாலில் போடவேண்டும். நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். ஐந்தாவது முறையும் பார்க்கலாம் என்று இருந்தது.

மறுபடி தொடங்கினேன்.

எட்வின் கார் இடது கையால் வீசுவார். வீசுமுன் வலது முழங்காலை நெஞ்சுவரை தூக்குவார்.

"விழுந்திடப்போறான்," என்று அப்பா சிரித்தார்.

1908இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு காணாமல் போனார். விதிப்படி வேறு எந்த அணியும் அவரைச் சேர்க்க முடியாது. அடுத்த கோடையில் தூரத்து ஊர் ஒன்றில் வால்டர் ஹில் என்ற புதியவர் வீசினார். அதே உயரம். அதே இடது கை. அதே முழங்கால். ஒன்பது வருடம் அந்தப் பெயரில் விளையாடினார். அந்தப் பெயரிலேயே கல்யாணம் முடித்தார்.

இருவரும் ஒருவர்தான் என்பதற்கு ஆதாரம் போதுமா என்று எனக்கே சந்தேகம். அப்பாவைப் பார்த்தேன். அவர் இப்போது சிரிக்கவில்லை.

"கல்லறையில எந்தப் பேர் போட்டவை?"

பதினொரு பக்கக் குறிப்பிலும் தேடினேன். இல்லை.

"பிள்ளையளுக்குத் தெரியுமோ?"

அதுவும் இல்லை.

அப்பா விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். கோபிஷா நித்தியானந்தன். இங்கே எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளையும் போல, அப்பாவின் பெயர்தான் என் குடும்பப் பெயர். அவருடைய விரல் அந்த இரண்டாவது சொல்லின்மேல் நின்றது.

"இண்டைக்கு இதை அனுப்பாதை, பிள்ளை."

அடுப்படியில் அம்மா திரும்பினார். "இஞ்சேருங்கோ," என்றார். கூப்பிடுகிற குரல் இல்லை. தடுக்கிற குரல்.

கைபேசியில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் நிறுத்தவில்லை.

எனக்குத் தெரிந்த இருபத்துமூன்று வருடங்களில் அம்மா ஒருநாளும் அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. புருசன் பெயரைச் சொல்லக்கூடாது என்கிற பழைய வழக்கம் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.