கண்ணாடிக்குள் இருந்தவள்

தென்கோடிப் பனிக்கரையில் ஒரு கிழட்டுப் பென்குயின் இருந்தான். முன்னொரு கோடையில் சின்னக் கப்பலில் வந்த ஒருவன் கிழவனின் பெண்சாதியைப் படம் பிடித்துக்கொண்டு போனான். மறுநாள் இரை தேடிக் கடலுக்குப் போனவள் திரும்பவே இல்லை. அந்த ஆத்திரம் கிழவனுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் கோடையிலும் ஒரு கப்பல் வந்தது. இறங்கியவன் பனியில் மண்டியிட்டுக் கேமராவை நீட்டினான்.

"ஏய் ஒற்றைக்கண்ணா! இங்கேயிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாதுன்னு உங்களுக்குச் சட்டமாமே. அவளை மட்டும் எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேமராவிடம் கேட்டான் கிழவன்.

"அது வேற கேமரா, தாத்தா. நான் புதுசு."

"எல்லாத் திருட்டுப் பயலும் இதைத்தான் சொல்லுவான்."

கிழவன் கிட்டே போய்க் கேமராவின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு பென்குயின் தலையைச் சாய்த்து அவனையே பார்த்தது.

"இங்கேயா இருக்கே? இப்படி இளைச்சுட்டியே!"

பெண் கேட்கப் போகும்போது கல் கொண்டுபோவது அவர்கள் வழக்கம். கிழவன் தள்ளாடிப் போய், கரையெல்லாம் தேடி, உருண்டையான கல் ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு வந்து கேமராவின் முன்னால் வைத்தான்.

கண்ணாடியில் தெரிந்தது அவன் முகம்தான் என்று கேமராவுக்குத் தெரியும்.

"என்ன சொல்றா?" என்று கேட்டான் கிழவன்.

"கல்லு நல்லாயிருக்காம், தாத்தா," என்றது கேமரா.