நாலாவது குட்டி

"ஏலே, ஆஃப் பண்ணுடா! பச்சக் குட்டிக ஈரக்கொலை நடுங்குதுல்ல!"

சோலைராஜ் வாசலிலிருந்து பாய்ந்து வந்து ஜெர்வினின் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"சாவியக் குடுங்க அண்ணாச்சி. தறிக்கு நேரமாச்சு."

"தறிக்குப் போற பயலுக்கு இம்புட்டுச் சத்தம் எதுக்குடா?"

"தறியில இதைவிடச் சத்தம். அங்க போய் ஏசுங்க."

ஜெர்வினுக்குப் பத்தொன்பது வயது. பிளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிறான். மிச்சம் பிடித்து வைத்த சம்பளத்தில் முதலில் வாங்கியது இந்த சைலன்சர்தான்.

வாங்கப் போன அன்றைக்கு மெக்கானிக் விமல் மூன்று சைலன்சர்களை எடுத்துப் போட்டு, ஒன்றைக் காட்டினான். "இதுக்குள்ள சத்தத்தை அமுக்குற சின்னக் குழாய் ஒண்ணு இருக்கு. கெத்தாவும் இருக்கும், யாரும் ஏசவும் மாட்டாவ. இதை எடுத்துக்கோ" என்றான்.

ஜெர்வின் மூன்றையும் மாட்டச் சொல்லி முறுக்கிப் பார்த்தான். எதைக் கேட்டு எதிர் பேக்கரியில் பன் தின்றுகொண்டிருந்த ஆள் துள்ளி எழுந்தாரோ, அதையே எடுத்தான். உள்ளே ஒன்றுமே இல்லாத வெறுங்குழாய்.

"தெருவே கையெழுத்துப் போட்ட பெட்டிஷன் என் சட்டைப்பையில இருக்கு" என்றார் சோலைராஜ். "சாயங்காலம் ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன். சைலன்சரைக் கழத்தி உன் கண்ணு முன்னாலயே நசுக்குவாவ, பார்த்துக்கோ."

"குடுங்களேன்" என்று சொல்ல ஜெர்வின் வாயைத் திறந்தான். அதற்குள் கண் முற்றத்துக்குப் போய்விட்டது.

சோலைராஜ் ராஜபாளையம் நாய் வளர்த்துக் குட்டி விற்கிறவர். கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் மூன்று குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெடவெடவென்று நடுங்கின. ஒன்று பயத்தில் மூத்திரமே பெய்துவிட்டது.

ஜெர்வினுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனுஷன் ஏசினால் திருப்பி ஏசலாம். குட்டியிடம் என்னத்தைச் சொல்ல?

"சரி அண்ணாச்சி. சாயங்காலம் விமல்ட்ட குடுத்து மாத்திருதேன்."

அப்போதுதான் நாலாவதைப் பார்த்தான். மற்றதெல்லாம் அழுக்கு வெள்ளை, இது பால் வெள்ளை. மூக்கு மட்டும் ரோஸ். சாக்கின் மேல் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"அது ஏன் எந்திரிக்கல?"

சோலைராஜின் குரல் பொசுக்கென்று இறங்கிவிட்டது. "அசதில தூங்குது."

"எம்புட்டு அசதி? நீங்க சாவியப் பிடுங்குற வரைக்கும் முறுக்கினேனே!"

"மெதுவாப் பேசுடா." அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "சுத்த வெள்ளையில ஒண்ணு ரெண்டு இப்பிடிப் பிறக்கும். காது கேக்காது. என்ன செய்யச் சொல்லுத? மத்த மூணுக்கும் ஆள் சொல்லி வச்சாச்சு. இதுதான் மிச்சம். போட்டோவப் பார்த்துட்டு வத்திராயிருப்புலேருந்து ஒரு பார்ட்டி வாராவ."

"அவியகிட்ட சொல்லிட்டியளா?"

சாவி மட்டும் ஜெர்வின் கைக்குத் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே பெட்டிஷனும் பையிலிருந்து வெளியே வந்தது.

"தம்பி, இப்ப நீ ஸ்டார்ட் மட்டும் பண்ணாத. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போயிரு. இதைக் கிழிச்சுப் போட்டுருதேன். சைலன்சரையும் நீ ஒண்ணும் மாத்த வேண்டாம். உன் வண்டி, உன் இஷ்டம்."

சர்ரென்று கிழித்தும் விட்டார்.

ஆட்டோ வந்து நின்றது. வத்திராயிருப்புப் பார்ட்டி மாரிக்கனி இறங்கினாள். கூடவே ஏழு வயது மகள், குட்டியை எப்போதடா பார்ப்போம் என்று குதித்துக்கொண்டு.

ஜெர்வின் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். யார் எந்தக் குட்டியை வாங்கினால் அவனுக்கு என்ன? சைலன்சர் தப்பித்தது. தறிக்கும் நேரமாகிவிட்டது.

நாலு வீடு தாண்டியிருக்க மாட்டான். பேச்சு பின்னாலேயே வந்து காதில் விழுந்தது.

"மாந்தோப்புல நானும் பிள்ளையுந்தான் அண்ணாச்சி. மலையடிவாரம் பாத்தியளா, பன்னி வரும், ஒரு நேரம் கரடியே வரும். நான் அசந்துட்டாலும் நாய் குரல் குடுக்கணும். அதுக்குத்தான் தேடி வந்தது. காதெல்லாம் கூர்மதான?"

"செத்த வளரட்டும் தாயி. இலை விழுந்தாக்கூட எந்திரிச்சுக் குரைக்கும். நம்பித் தூக்கிட்டுப் போ."

மகள் அதற்குள் குட்டிக்குப் பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜெர்வின் நின்றான். போய்ச் சொல்லிவிடலாம்தான். யார் நம்புவார்கள்? தெருவில் அவன் பெயரே டமாரம். "அந்தக் காவாலிப் பய பேச்சக் கேக்காத தாயி" என்று சோலைராஜ் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

வண்டியைத் திருப்பினான். தள்ளிக்கொண்டே வந்து சோலைராஜ் வாசலுக்கு நேரே நிறுத்தினான். ஸ்டார்ட் பண்ணி, முறுக்கினான். விடாமல் முறுக்கினான்.

எதிர்வீட்டு ஜன்னல் அடைபட்டது. பக்கத்து வீட்டு ஆள் பல் தேய்த்த நுரையோடு வெளியே ஓடி வந்தார். மூன்று குட்டிகளும் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டன. மாரிக்கனியின் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாரிக்கனி கோபமாக எழுந்து வந்தாள். கூறுகெட்டவனே, குட்டி பயந்துரும்ல என்று அவள் வாய் அசைந்தது. சொல்லிக்கொண்டே குட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சாக்கின் மேல் அது சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சோலைராஜ் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னமோ கத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. என்னதான் சொல்கிறார், எல்லாரும் கேட்கட்டுமே என்று ஜெர்வின் சாவியைத் திருப்பினான்.

சத்தம் அடங்கிய தெருவில் அவர் தொண்டை மட்டும் தனியாகக் கேட்டது.

"தள்ளிக்கிட்டுத்தானடா போகச் சொன்னேன்!"