இன்னும் ஒரு சோதனை

“இன்னொருக்காப் பாருங்கோ டொக்டர். ஏழு வயசுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலை சட்டையோடை சலம் போறதெண்டா, அது நோய் வருத்தமில்லாமல் வேறை என்ன?”

ஜோசப்பின் லேசில் விடுகிற ஆள் இல்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் கொட்டில் போட்ட நாளிலிருந்து, எதையும் வரிசையில் நின்று சண்டை பிடித்தே வாங்கிப் பழகியவள்.

டொக்டர் நேசமலர் சோதனைத் துண்டைத் திரும்பவும் பார்த்தார். சலம் இரண்டு தரம் சோதித்தாயிற்று. இரத்தம் ஒரு தரம். ஒன்றிலும் குறையில்லை.

“இரவிலை பாயை நனைக்கிறாவோ?”

“இல்லை.”

“சனி, ஞாயிறு?”

“இல்லை. பள்ளிக்கூடத்திலை மட்டுந்தான்.”

“அப்ப பள்ளிக்கூடத்திலை போய் விசாரியுங்கோவன்.”

“விசாரிச்சனான். ரீச்சர்தான் இது வருத்தம் எண்டவா. வவுனியாவிலை சலம் போற வழியாலை குழாய் விட்டுப் படம் எடுக்கிறதாம். அதுக்கு ஒரு கடிதம் தாங்கோ.”

“அது சும்மா எடுக்கிற படம் இல்லை அம்மா. பிள்ளைக்கு நல்லா நோகும். இவவுக்கு அது தேவையில்லை.”

“உங்கடை பிள்ளையெண்டா இப்பிடிச் சொல்லுவீங்களோ?”

அவர் வாங்குப் பலகையில் இருந்த ஜெயரூபினியிடம் குனிந்தார்.

“ஏன் பிள்ளை, இன்ரவலிலை நீங்கள் போறேல்லையோ?”

ரூபினி தாயைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

“எல்லாம் கேட்டாச்சு டொக்டர். அடிச்சும் கேட்டாச்சு. வாய் துறக்கிறாளில்லை.”

கடிதம் கிடைத்தது. வெளியே வந்தபோது ஜோசப்பினுக்குப் பெரிய வழக்கை வென்ற மாதிரி இருந்தது.

சாவடி தாண்டி வெளியே போகப் பாஸ் எடுக்க இரண்டு கிழமை அலைச்சல். அவர்கள் திரும்பி வருவார்கள் என்று புருஷன் ஸ்ரனிஸ்லஸ் பிணைக்கு நின்றான். தாயும் மகளும் வெயிலில் காய்ந்து, சோதனைச் சாவடிகளில் காத்துக் கிடந்து, ஒருவழியாய் வவுனியா போய்ச் சேர்ந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்ததும் பிள்ளை நடுங்கத் தொடங்கிவிட்டது.

“அம்மா, வேண்டாம் அம்மா.”

“அப்ப உண்மையைச் சொல்லு. உனக்கு அடக்க ஏலாதோ, இல்லாட்டி வேணுமெண்டு செய்யிறியோ? சொன்னா நிப்பாட்டச் சொல்லுறன்.”

ரூபினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொண்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டாள்.

இரண்டு தாதிமார் காலைப் பிடித்தார்கள். கை இரண்டையும் ஜோசப்பின்தான் அமத்திப் பிடித்தாள். பிள்ளை போட்ட சத்தம் வெளி விறாந்தை வரைக்கும் கேட்டது.

படத்திலும் ஒன்றுமில்லை.

ஊர் திரும்பி மூன்றாம் நாள், சட்டை பின்பக்கம் நனைந்தபடி ரூபினி வந்து நின்றாள். ஜோசப்பினுக்கு வந்த கோபத்தில் கை நீண்டுவிட்டது. வருத்தம் இல்லையென்றால் பிறகென்ன, வெறும் பஞ்சி, சோம்பல். எழும்பிப் போகப் பஞ்சி. இந்தப் பஞ்சிக்காகவா இவ்வளவு பாடு!

அடுத்த நாள் இடைவேளைக்குச் சற்று முன்னதாகவே பள்ளிக்கூடத்துக்குப் போய் மரத்தோடு ஒதுங்கி நின்றாள். இன்றைக்குக் கையும் களவுமாய்ப் பிடிப்பதென்றுதான் எண்ணம்.

கொட்டகைக்குப் பின்னால் பெண் பிள்ளைகளுக்கு ஒரேயொரு மலகூடம். மூன்று பக்கமும் தென்னங்கிடுகு. வாசலுக்குக் கதவில்லை, ஒரு சாக்குத்தான். மணி அடித்ததும் பிள்ளைகளின் நெரிசலுக்குள்ளால் ரூபினி அங்கே வந்தாள். வந்தவள் உள்ளே போகவில்லை. ஒரு கையால் சாக்கை இழுத்துப் பிடித்தாள். மற்றக் கையைச் சாக்குக்கு உள்ளே நீட்டினாள். அப்படியே காலைக் குறுக்கே போட்டு நெரித்துக்கொண்டு நின்றாள்.

நேரம் போனது. விளையாடுகிறாளாக்கும் என்று ஜோசப்பின் பல்லைக் கடித்தாள்.

கடைசியில் சாக்கு விலகியது. அவள் வயதுப் பிள்ளையொன்று வெளியே வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை, ஷெல் கொண்டு போனது. ரூபினி கிடுகில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே இடைவேளை முடிகிற மணி அடித்துவிட்டது.

ஜோசப்பின் ஓடி வந்து மகளை மறித்தாள்.

“நீ போகேல்லையோ?”

“மணி அடிச்சிட்டுது அம்மா. பிந்தினா ரீச்சர் வெளியிலை விட்டிடுவா.”

“உள்ளுக்கை கையை விட்டுக்கொண்டு என்ன செய்தனீ?”

“டக்சாயினிக்கு ஒரு காலிலை குந்த ஏலாது. கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும். இல்லாட்டி குழிக்கை விழுந்திடுவாள்.”

“ஒவ்வொரு நாளும் நீதானோ? வேறை பிள்ளையள் இல்லையோ?”

“முதல் எல்லாரும் முறை வைச்சுப் பிடிச்சவை. பிந்திப் போய் அடி வாங்கினதும், அவையின்ரை அம்மாமார் இனிப் பிடிக்க வேண்டாம் எண்டு மறிச்சுப்போட்டினம்.”

ஜோசப்பினின் கண் நிறைந்துவிட்டது. வவுனியாக் கட்டிலில் தான் அமத்திப் பிடித்த அதே கைதான் இது. எத்தனை தரம் எத்தனை பேர் சோதித்தார்கள்! தான் ஒரு நாள் இவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தால் போதுமே.

“அடி பிள்ளை, அந்தக் குழாய் விடேக்கையாவது எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொன்னா, நீங்களும் மறிச்சுப்போடுவீங்கள் எண்டுதான் அம்மா.”