முப்பத்தைந்தாவது அர்த்தம்

பதினோரு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது ரங்கராஜ் கதவைத் தட்டினார். எங்கள் பழைய பத்திரிகை ஆபீஸின் வாட்ச்மேன்.

“உங்க பேருக்கு வந்ததுங்க சார். பேப்பர் கட்டுக்கு அடியில போயிருச்சு, இப்பத்தான் கண்ணுல பட்டுதுங்க.”

கூரியர் கவர். ஈரோட்டிலிருந்து வந்திருந்தது. மேலே ஆபீஸ் முகவரி.

ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமாகியும் யாராவது முகவரி கேட்டால் வாய் ஆபீஸ் முகவரியைத்தான் சொல்லித் தொலைக்கிறது. பீளமேட்டில் எனக்கு ஒரு வீடு இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வரும்.

கவரை மேஜையில் போட்டேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விமலாராணி டீச்சர் கூப்பிடுவார். அவருக்குச் சொல்ல இன்றைய பொய் இன்னும் தயாராகவில்லை.

டீச்சரை நான் பார்த்ததில்லை. ஈரோட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய பத்திரிகை ஆபீஸ்களில் புழங்கிய சொற்களைத் தொகுக்கிறேன் என்று போன நவம்பரில் போன் செய்தார். ‘லைன்’ என்றால் உங்கள் ஆபீஸில் என்ன என்று கேட்டார்.

அதற்கு ஏகப்பட்ட அர்த்தம், வாரத்துக்கு ஒன்றாகச் சொல்கிறேன் என்றேன்.

முதல் வாரம், வெளியூர்ச் செய்திகளை அடித்துத் தள்ளும் டெலிபிரின்டர். லைன் போய்விட்டது என்றால் எங்களைப் பொறுத்தவரை அன்றைக்கு உலகத்தில் எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது, வெளியூர் நிருபரின் கூலி. அந்தியூர்க்காரருக்கு லைனுக்கு இவ்வளவு என்று பேச்சு. அதனால் சந்தைக்கு வந்த குதிரையை வால் வரைக்கும் வர்ணிப்பார்.

மூன்றாவது, செய்திக்கு மேலே நிருபர் பெயர் போடுவது. அந்த ஒரு லைனுக்காக அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள் பேச்சை விட்டதுண்டு.

நான்காவது, முதலாளியின் அரசியல். தேர்தல் சமயத்தில் நம்ம லைன் என்னவென்று கேட்டுவிட்டுத்தான் தலைப்பே போடுவோம்.

அத்தோடு சரக்கு தீர்ந்தது.

தீர்ந்தது என்று டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் போன் வராது. மற்ற ஆறு நாளும் என் போனில் பேசுவது கேஸ் புக்கிங்கின் பதிவு செய்த குரல் மட்டும்தான்.

அதனால் அளந்துவிட ஆரம்பித்தேன். மழையில் நனைந்த பேப்பரை உலர்த்தும் கயிறு, லைன். மத்தியானம் டிபன் கேரியர்களை அடுக்கும் வரிசை, லைன். இப்படியே முப்பது வியாழன் ஓட்டிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் புதன்கிழமை வந்தால் மனசு தெளிந்துவிடும்.

கவரைப் பிரித்தேன். உள்ளே புத்தகம். டீச்சர் தொகுத்த அகராதி அச்சாகியே வந்துவிட்டிருந்தது.

பயத்தோடு பக்கங்களைப் புரட்டினேன். என் கதையெல்லாம் அச்சில் ஏறியிருந்தால் பழைய சகாக்கள் காறித் துப்புவார்கள்.

லைன். நான்கு அர்த்தங்கள். உண்மையான நான்கு மட்டும்.

முதல் பக்கத்துக்கு வந்தேன். ‘எபினேசர் சாருக்கு, நன்றியுடன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே தேதி, ஜனவரி ஒன்பது.

இது ஜூலை.

ஜனவரியிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார். வந்ததா என்று கேட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று கேட்காமலே இருந்திருக்கிறார். எந்தப் புத்தகத்துக்கும் தேவையில்லாத அர்த்தங்களை இத்தனை மாதமும் ‘ம்’ போட்டுக் கேட்டிருக்கிறார்.

ஒரு வியாழன்கூட ஏன் தவறவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. ஈரோட்டிலும் ஒரு வீடு இருக்கும், அங்கேயும் மற்ற ஆறு நாள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவனுக்கு இந்தச் செய்தி கடைசியாக வந்து சேர்ந்திருக்கிறது.

போன் அடித்தது. பதினொன்று.

“ஏனுங்க சார், இன்னைக்கு ஏதாச்சும் ஞாபகம் வந்துதுங்களா?”

புத்தகத்தை மூடினேன். ஒன்று வந்தது டீச்சர் என்றேன்.

“செத்த இருங்க சார், பேனா எடுத்துட்டு வாரேன். எழுதிக்கோணுமில்லீங்க.”

மெதுவாகவே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.