ஸ்கேன் படத்துக்குக் கிடைத்த மரியாதை

ஆணியில் மாட்டியிருந்த கட்டைப்பைக்குள் ஒரு மூளை ஸ்கேன் படமும், ஓர் அட்டை ரத்தக்கொதிப்பு மாத்திரையும் இருந்தன. இரண்டுமே கோதண்டத்தினுடையவை. அவருக்குக் கொஞ்ச நாளாக மறதி. கடைக்குப் போனால் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்.

வீட்டில் படத்துக்குத்தான் மரியாதை. வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். பாதிப் பேர் தலைகீழாகப் பிடித்தார்கள். "ஸ்கேனே எடுத்தாச்சு, இனி என்ன பயம்?" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

"கேட்டியா? என்னாலதான் பயம் போச்சாம்" என்றது படம்.

"உன் மேல இருக்கிற வெள்ளைத் திட்டெல்லாம் என்ன?" என்றது மாத்திரை.

"ரத்தக்குழாய் அடைச்சு, மூளை பட்டினி கிடந்த இடம். டாக்டர் சொன்னாரே."

"அது பரவாம இருக்கணும்னா என்னைத் தினம் முழுங்கணும்னும் சொன்னாரு. தலை சுத்தினா மட்டும் போட்டா போதும்னு கோதண்டத்தோட சம்சாரம் விசாலம் முடிவு பண்ணிட்டா. என் அட்டையில ஒண்ணுகூட இன்னும் பிரியலை."

"உனக்குப் பொறாமை, தங்கச்சி."

சில நாள் கழித்து, கோதண்டமே படத்தை எடுத்து ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விசாலத்திடம் திரும்பினார்.

"பாவம், யாரோட தலைங்க இது? உங்களுக்கு வேண்டியவங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை 'வாங்க, போங்க' என்று பேசியதே இல்லை.

விசாலம் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். மாத்திரை அட்டை அவள் விரலுக்கு எட்டும்படி நகர்ந்து கொடுத்தது.