மாறாத அண்ணன்

குடிதண்ணீர்க் குவளைக்குள் அண்ணன், தம்பி என இரண்டு எலெக்ட்ரோடு குச்சிகள் மீட்டரோடு இணைந்து நின்றன. தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று மோப்பம் பிடிப்பது தம்பியின் வேலை. எந்தத் தண்ணீரிலும் மாறாமல் நிற்பது அண்ணனின் வேலை. இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மீட்டர் எண்ணாகக் காட்டும்.

அன்று எண் நிற்காமல் ஓடியது. தம்பி மெல்லக் கேட்டான்.

"அண்ணே, உங்களுக்குள்ள இருக்கிற உப்புத்தண்ணி வத்தியிருக்கே? அதனாலதான் எண் ஓடுதோ?"

"என்னையே சந்தேகப்படுறியா? நான் மாறாதவன்னு எல்லாருக்கும் தெரியும். உன்கிட்டதான் ஏதோ கோளாறு."

தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்த பூங்கோதை தம்பியைக் கழுவினாள், துடைத்தாள். எண் அடங்கவில்லை. அவனைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் புதியவன் ஒருவனை மாட்டினாள்.

எண் மறுபடியும் ஓடியது.

"அண்ணே..." என்று புதியவன் கூப்பிட்டது தொட்டிக்குள் கிடந்தவனுக்குக் கேட்டது. அண்ணனின் வற்றிய குழாய்க்குள்ளிருந்து அதே நிதானமான குரல் பதில் சொன்னது:

"உன்கிட்டதான் ஏதோ கோளாறு, தம்பி."