ஊருக்கொரு விலை

"எந்த ஊருன்னு எதுக்குங்க கேக்குறீங்க? நான் எந்த ஊருன்னு தெரிஞ்சாத்தான் உங்க வாஷிங் மெஷின் சுத்துமா?"

இசைவாணி போட்ட சத்தத்தில், பக்கத்தில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். விற்பனையாளன் ஆல்பினுக்கு ஏசியிலும் வியர்த்தது.

"சும்மா ஒரு பழக்கத்துல கேட்டேன் மேடம்."

பழக்கம்தான். மேனேஜர் செல்லதுரை பழக்கிய பழக்கம். தஞ்சாவூரில் நாலு மாடிக்கு எழும்பி நிற்கிற அந்தக் கடையில் ஒரு சாமானிலும் விலைச்சீட்டு தொங்காது. பெட்டியில் அச்சடித்தது இருபதாயிரம். அதை யாரும் கொடுப்பதில்லை. எவ்வளவு குறைப்பது என்பது ஊரைப் பொறுத்தது. கூத்தாநல்லூர் என்றால் பதினாறாயிரத்து ஐந்நூறு. அங்கே வீட்டுக்கொருவர் சிங்கப்பூர், துபாய் என்று போயிருக்கிறார்கள், தாங்குவார்கள். டவுன் வாத்தியார் என்றால் பதினைந்து. வயக்காட்டுச் சனம் என்றால் பதிமூன்றரை. அவர்கள் ஒருமுறை படியிறங்கினால் மறுபடி ஏறமாட்டார்கள்.

"அம்மாபேட்டைப் பக்கம் தம்பி. உள்ளடங்குன கிராமம்," என்றார் இசைவாணியின் அப்பா வீரையன். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் சாயம் போன துண்டு, கணுக்கால் வரை வெளுத்துக் காய்ந்த சேறு.

"அப்படின்னா பதிமூணாயிரத்து ஐந்நூறு."

"அது என்ன அப்படின்னா? வேற ஊரைச் சொல்லியிருந்தா?" என்று பிடித்துக்கொண்டாள் இசைவாணி.

ஆல்பின் சமாளித்தான். "எல்லாருக்கும் ஒரே விலைதான் மேடம்."

"போன வாரம் எங்க காலேஜ் மிஸ்ஸுக்குப் பதினஞ்சு சொன்னீங்க. இதே மெஷின். நான் பி.எஸ்சி. கணக்கு. எங்க பரம்பரையிலேயே காலேஜ் வாசப்படி மிதிச்ச மொத ஆளு. ஒரு பொருளுக்கு ரெண்டு விலைன்னா ஒண்ணு பொய்யி. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

இன்னொரு ஆளும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். ஆல்பின் மேனேஜர் இருந்த பக்கம் பயந்து பயந்து பார்த்தான். இன்று மாசக் கடைசி. பத்து மெஷின் விற்றிருக்க வேண்டும், ஒன்பதில் நிற்கிறது. 'பத்து ஓடலேன்னா நாளையிலேர்ந்து குடோன்ல போயி பெட்டி தூக்கு' என்று காலையிலேயே செல்லதுரை சொல்லிவிட்டார். குடோனுக்கு இறங்கியவன் எவனும் இதுவரை மேலே ஏறி வந்ததில்லை.

"பாப்பா, கத்தாத," என்று மகளை அதட்டிவிட்டு வீரையன் குழைந்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. இவ அம்மா நடவுக்குப் போயிப் போயி விரலிடுக்கெல்லாம் சேத்துப்புண்ணு. சோப்பு பட்டா துடிச்சுப் போறா."

"அப்பா! வீட்டுக் கதையெல்லாம் இவங்ககிட்ட எதுக்கு? நாம என்ன பிச்சைக்கா வந்தோம்? கெளம்புங்க!"

இசைவாணி விறுவிறுவென்று நடந்தாள். முதல் படியில் கால் வைத்தாள். ஆல்பினின் கண்ணுக்குக் குடோன் தெரிந்தது.

"மேடம், மேடம்! பதிமூணு!"

இரண்டாவது படி.

"பன்னெண்டு எண்ணூறு! இதுக்குக் கீழ போனா என் சம்பளத்துல புடிப்பாங்க. வேளாங்கண்ணி மாதா சத்தியமா!"

நின்றாள். "ஸ்டாண்டு?"

"அது தனியா முந்நூறு..." என்று ஆரம்பித்தவன் வீரையனின் பாதங்களைப் பார்த்தான். வெடிப்பும் சேறுமாக இருந்தன. அவன் குரல் இறங்கிவிட்டது. "ஸ்டாண்டு என் செலவு. அம்மாவுக்குன்னு வச்சுக்கங்க."

"நல்லா இருப்பீங்க தம்பி," என்று துண்டால் கண்ணைத் துடைத்தார் வீரையன்.

"வீட்டுக்குள்ள குழாய் இருக்குல்லங்கய்யா? இது ஃபுல் ஆட்டோமேட்டிக். தெருக்குழாய்ல பிடிச்சு ஊத்துனா ஓடாது."

"இருக்கும் தம்பி. இருக்கும்."

இசைவாணி பணத்தைக் கட்டினாள். பில்லில் முத்திரை விழுந்தது. தூரத்திலிருந்து செல்லதுரை பத்து விரலையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். ஆல்பினுக்கு மூச்சு வந்தது. குடோனிலிருந்து அவனும் தப்பினான், ஒரு தாயின் கையும் தப்பியது. இத்தனை நாள் ஊரைப் பார்த்து விலை சொன்ன பாவத்தில் கொஞ்சம் கழிந்த மாதிரி இருந்தது.

"டெலிவரி அட்ரஸ் சொல்லுங்க மேடம்," என்றான், மனம் நிறைந்து.

"ஜன்னத் பீவி, பள்ளிவாசல் தெரு, கூத்தாநல்லூர்."

பேனா நின்றது. "கூத்தாநல்லூரா? அது... யாருங்க?"

"மெஷினுக்குச் சொந்தக்காரங்க. வண்டி எப்ப வரும்?"

அதற்குள் செல்லதுரையே பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார். "பத்தாவது யாருக்குடா?" ஆல்பின் பில்லைக் கையால் மறைத்துக்கொண்டு, "கஷ்டப்பட்ட குடும்பம் சார்," என்று முணுமுணுத்தான். அவர் நகர்ந்ததும் வேறு வழியில்லாமல் பள்ளிவாசல் தெருவை எழுதினான்.

"சீக்கிரம் எழுதுங்கண்ணே. அடுத்த கடையில அதே தெரு அல்லா பிச்சை பாய் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் எடுக்கணும், அப்பாவுக்குக் கால் சேறு உதிர ஆரம்பிச்சிடுச்சு," என்று இசைவாணி முதல்முறையாகச் சிரித்தாள். "நீங்க ஊரைக் கேட்டுத்தானே விலை சொல்றீங்க? அதான், எங்க ஊரை நாங்க வாடகைக்கு விட்டுட்டோம்."